நம்பிக்கை என்ற சொல்லில் நாங்கள் விடுகிற பிழைகள்

ஏ9 வீதியால் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போவது அருமை. இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் அடித்து, திரும்பும்போது கொஞ்சம் கச்சானும் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். ஒருமுறை நான் வந்த வானின் சாரதியிடம் கேட்டேன்: "அண்ணை, பிள்ளையாரில அவ்வளவு நம்பிக்கையோ?" அவர் சொன்னார்: "நம்பிக்கையோ என்னவோ தம்பி, நிப்பாட்டாமல் போக மனம் கேக்காது."

கேள்வியிலிருந்து நழுவுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். சொல்லின் பழைய பொருளைத் தேடிப் பார்த்த பிறகுதான், அவர் சரியான பதிலைச் சொன்னார் என்றும் பிழை என் கேள்வியில்தான் இருந்தது என்றும் விளங்கியது. ஒரு செய்தி உண்மை என்று அறிவால் ஒப்புக்கொள்வதுதான் நம்பிக்கை என நான் எண்ணியிருந்தேன். இந்தச் சொல்லை வைத்து நாங்கள் விடும் பிழைகளில் பெரியது அதுதான். மற்றவை பலவும் அதிலிருந்து கிளைத்தவை.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் உரியியலில் ஒரு நூற்பா இருக்கிறது: 'நம்பும் மேவும் நசையா கும்மே.' நசை என்றால் விருப்பம். ஆக, தொல்காப்பியர் பொருள் சொன்ன 'நம்பு' விரும்புவதைக் குறித்தது. மனம் ஒன்றை நாடிப் போவது அது. பழைய பாட்டில் வினையாக 'நம்பி' என்று வரும் பல இடங்களில் இன்றைய பொருளைப் போட்டு வாசித்தால் பாட்டு பிசகிவிடும். அந்த இடங்களில் 'விரும்பி' என்று வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பொருள் செத்துவிட்டது என்று நினைப்பதும் பிழை. வன்னி வயலுக்கு வாருங்கள். காலபோகம் மழையை நம்பி விதைப்பது. சிறுபோகம் குளத்தை நம்பி விதைப்பது. மாரி கட்டாயம் பெய்யும் என்று எந்தக் கமக்காரரும் சத்தியம் செய்யமாட்டார். பெய்யாமல் போன வருடங்களையும், பெய்து வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருடங்களையும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் மழையை நம்பி விதைக்கிறார். அந்த 'நம்பி'யில் ஒரு சாய்வு இருக்கிறது, ஒரு ஆசை இருக்கிறது. மழை பெய்யும் என்ற முடிவு அதில் இல்லை.

அப்படியானால், ஒருவரை ஆராய்ந்து பார்த்து 'இவரை நம்பலாம்' என்று முடிவெடுப்பதற்குப் பழைய தமிழில் என்ன சொல்? தேறுதல், தெளிதல். திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் தெரிந்து தெளிதல் என்று பெயர். 'தேறற்க யாரையும் தேராது' என்று அங்கே வள்ளுவர் சொல்வது, ஆராயாமல் யாரையும் நம்பாதே என்பதுதான். தேர்தல் ஆராய்வது, தேறுதல் நம்புவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் குறளே தலைகீழாகிவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதிகம் தடுக்குப்படுகிற இடம் இது. ஏனென்றால், தேறுதல் என்றால் எங்களுக்கு வேறு நினைவுதான் வரும். செத்தவீட்டுக்குப் போய் ஆறுதலும் தேறுதலும் சொல்லிவிட்டு வருகிறோம். நம்பவைப்பதும் துயரத்திலிருந்து நிமிர்த்துவதும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தமிழின் மேல் பிரியம் கூடுகிறது.

அடுத்த பிழை மேடைகளில் வளர்ந்தது. யானைக்குத் தும்பிக்கை, மனிதனுக்கு நம்பிக்கை என்று தொடங்கி, "நம்பிக்கை என்ற சொல்லிலேயே ஒரு கை இருக்கிறது பாருங்கள்" என்று முடிப்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. பேச்சுப் போட்டிக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்கட்டும், ஆனால் சொல்லின் பிறப்பு அதுதான் என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். தும்பிக்கையில் இருப்பது உண்மையான கை. நம்பிக்கையில் இருப்பது விகுதி. காணிக்கை, கோரிக்கை என்பவற்றின் முடிவில் இருப்பதும் அதே விகுதிதான். உறவு மொழிகளைப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. கன்னடத்தில் இந்தச் சொல் 'நம்பிகெ'. கன்னடத்திலும் கைக்குக் கை என்றுதான் பெயர், ஆனால் சொல்லின் முடிவில் அந்தக் கை இல்லை. தெலுங்கில் 'நம்மகம்' என்பார்கள், அங்கே கையைப் போல ஒலிக்கும் முடிவுகூட இல்லை. நம்பியாரூரர், நம்பியாண்டார் நம்பி என்ற பெயர்களில் வரும் நம்பியையும் 'நம்பிவிட்டு' என்று பிரிக்கக்கூடாது. அது ஆண்களில் சிறந்தவனைக் குறிக்கும் பெயர். பெண்பால் நங்கை.

இனி விசுவாசம். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோவிலுக்குப் போகிறவர்கள், கூடாரம் அடித்துக் காட்டுக்குள் குடும்பமாகத் தங்குகிறவர்கள், எல்லோருக்கும் பழகிய சொல். இதை 'விசுவம்', அதாவது உலகம், என்ற சொல்லோடு சேர்த்து விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொருந்தாது. இது வடமொழியில் 'வி' என்ற முன்னொட்டும் மூச்சு விடுவதைக் குறிக்கும் வேரும் சேர்ந்து பிறந்தது. நாங்கள் சுவாசம் என்று சொல்வதும் அதே வேரில் வந்ததுதான். பயமில்லாமல் தாராளமாக மூச்சு விடக்கூடிய நிலை விசுவாசம். பதுங்குகுழிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

விவிலியம் வாசிக்கும்போது ஒரு பிழை நேர்கிறது, கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் அன்போடு சேர்த்து மூன்று பண்புகள் வருகின்றன. பழைய மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. கவனித்தீர்களா? முன்பு இரண்டாம் இடத்தில் இருந்த நம்பிக்கை முதலாம் இடத்துக்கு வந்துவிட்டது. பழையதில் அது வரப்போவதை எதிர்பார்த்திருப்பது, புதியதில் இறைவனைப் பற்றிக்கொள்வது. ஒரே வீட்டில் அம்மம்மா பழையதையும் பேத்தி புதியதையும் வைத்துக்கொண்டு, நம்பிக்கை என்ற ஒரே சொல்லுக்கு வேறு வேறு விளக்கம் சொல்வார்கள். இரண்டு பேரும் சரி. எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் ஒருவரை ஒருவர் திருத்தினால்தான் பிழை.

முஸ்லிம் அயலவர்கள் சொல்லும் ஈமான், பாதுகாப்பையும் அச்சமின்மையையும் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோமே, அதுவும் அதே வேர்தான். தொழுகையில் ஆமீன், கத்தோலிக்கப் பூசையில் ஆமென், இரண்டுக்கும் வேர் ஒன்று. இப்படிப் பொருள் ஒத்துப்போவதைக் கண்டதும் எல்லாம் தமிழிலிருந்து போனது என்றோ, தமிழ் அங்கிருந்து வந்தது என்றோ பாயக்கூடாது. ஆங்கிலத்தின் 'பிலீவ்' என்ற சொல்லும் 'லவ்' என்ற சொல்லும் ஆதியில் ஒரே வேரில் கிளைத்தவை. எங்கள் 'நம்பு' நசையில் தொடங்கியது. மனிதமனம் போன வழி ஒன்று, சொற்கள் உறவில்லை.

ஐதீகம் என்பதையும் நம்பிக்கைக்குப் பதிலாக எழுதுகிறார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பதைப் பற்றி எழுதினால் இந்தச் சொல் வராமல் இராது. ஐதீகம் என்றால் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. இதிகாசம் என்ற சொல்லுக்கும் அதற்கும் தொடக்கம் ஒன்று. ஊர் சொல்லி வருவது ஐதீகம், அம்மனிடம் நேர்த்தி வைத்துப் பொங்கல் பானையோடு நிற்கிற பெண்ணின் மனதில் இருப்பது நம்பிக்கை.

எழுதும்போது தன்னம்பிக்கை என்று சேர்த்து எழுதுங்கள், 'தன்நம்பிக்கை' வேண்டாம். நம்பிக்கைத் துரோகத்தில் 'த்' விடுபடக்கூடாது. அப்புறம், "உன்னில நம்பிக்கை இருக்கு" என்று எங்கள் பிள்ளைகள் சொன்னால், 'உன் மீது' என்று திருத்தாதீர்கள். உன்னில பாசம், அவரில கோவம் என்று பேசுவது எங்கள் பேச்சின் இயல்பு. இந்தியச் சஞ்சிகைகளில் வேறு மாதிரி இருப்பதால் எங்களுடையது பிழையாகிவிடாது.

இதையெல்லாம் எழுத வைத்த பிழை இனித்தான் வருகிறது. 2017 மாசி (பெப்ரவரி) 20ஆம் திகதி, கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய், "என்ர பிள்ளை வருவான் எண்டு நம்புறன்" என்கிறார். கேட்கிறவர்கள் இரண்டு விதமாகப் பிழைவிடுகிறார்கள். ஒருவர் ஆதாரம் கேட்கிறார். மற்றவர் அதை மூடநம்பிக்கை என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டு பேருமே அவருடைய சொல்லை ஒரு கருத்தாக எடுத்துக்கொள்கிறார்கள். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது அரசு பொறுப்புச் சொல்ல வேண்டிய கேள்வி. அந்தத் தாய் சொல்வது நசை. மழையை நம்பி விதைத்தவரின் 'நம்பி' அது.

அறிக்கை எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். 'தன் மகன் உயிருடன் இருப்பதாக அவர் கருதுகிறார்' என்று எழுதினால், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைக்கிறீர்கள். 'மகனுக்காகக் காத்திருக்கிறார்' என்று எழுதலாம். தமிழிலேயே எழுதுவதானால், 'நம்புறன்' என்று அவர் சொன்னதை அப்படியே விடுங்கள்.