கப்பல் பயணம் முடிந்த அன்று கோபன்ஹேகன்: காலை இறங்கியதிலிருந்து இரவு விமானம் வரை

காலை எட்டரைக்குக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டுவிடுவார்கள். ஊருக்குத் திரும்பும் விமானம் இரவு ஒன்பதரைக்கு. நடுவில் பதின்மூன்று மணி நேரம், நான்கு பெரிய பெட்டிகள், நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இரண்டு பேர். நார்வே ஃபியோர்டுகளைச் சுற்றிவிட்டு கோபன்ஹேகனில் முடியும் கப்பலில் போகிறவர்கள் பலருக்கும் இதே நிலைதான். 2023-ல் அப்பா அம்மாவோடு போனபோது அந்தக் கடைசி நாளில் பாதியை வீணாக்கினோம். 2025 ஜூனில் மாமனார் மாமியாரோடு மறுபடி போனபோது அதே நாள் அருமையாக அமைந்தது. ஊர் அதேதான், கப்பல்துறையும் அதேதான். பெட்டிகளை எங்கே வைத்தோம் என்பதில்தான் மாற்றம். அதனால் இந்தப் பதிவில் பெட்டிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: முந்தைய இரவு

பெரிய பெட்டிகளை டேக் கட்டி இரவே கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் துறைமுகக் கூடத்தில்தான் அவை மறுபடி கைக்கு வரும். பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், மழைக்கோட்டு, மறுநாள் போடும் செருப்பு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஜூன் மாதம் என்றாலும் கோபன்ஹேகனில் காற்று அடித்தால் குளிரும். பெரியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம் வெளியே வையுங்கள்.

பெட்டிகளை நீங்களே இழுத்துக்கொண்டு முதலில் இறங்கலாம் என்று கப்பலில் ஒரு வழி சொல்வார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி என்றால் அதையே எடுங்கள், முக்கால் மணி நேரம் மிச்சமாகும். பெரியவர்கள் கூட இருந்தால் வேண்டாம்.

படி 2: எந்தத் துறை என்று பாருங்கள்

கோபன்ஹேகனில் கப்பல்கள் நிற்கும் இடம் ஒன்றல்ல. லாங்கெலினி துறை ஊருக்குப் பக்கம், கடற்கன்னி சிலைக்கு நடந்தே போகலாம். பெரிய கப்பல்கள் பலவும் பயணத்தை முடிப்பது ஓஷன்காய் துறையில். அது வடக்கே, நோர்ட்ஹவ்ன் பகுதியின் கடைசியில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் நடப்பது என்ற பேச்சே இல்லை. டிக்கெட்டில் வெறுமனே 'கோபன்ஹேகன்' என்று போட்டிருந்தால் கப்பல் வரவேற்பு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓஷன்காயில் இறங்கினால் வாசலிலேயே நகரப் பேருந்து இருக்கும். டாக்சிக்கு நீண்ட வரிசை நிற்கும். என் தேர்வு, பேருந்தில் ஓரியன்ட்காய் மெட்ரோ நிலையம் வரை போய், அங்கிருந்து எம்4 மெட்ரோ. அந்த நிலையத்தை 2020-ல் திறந்தார்கள். லிஃப்ட் உண்டு, ரயில் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது, பெட்டிகளோடு ஏறி நிற்க இடம் தாராளம். எம்4 நேராக சென்ட்ரல் ஸ்டேஷனுக்கே போகும்.

படி 3: பெட்டி (நான் சறுக்கிய இடம்)

2023-ல் நான் செய்தது இது. லக்கேஜ் வைக்க இடம் தேடித் தரும் ஓர் ஆப்பில், ஊருக்குள் கால்வாய்க்கரையில் இருக்கும் நீஹவ்ன் பக்கம் ஒரு கடையைப் பதிவு செய்து பணமும் கட்டிவிட்டேன். படத்தில் பார்க்க நன்றாக இருந்தது. ஒன்பதரைக்குப் போய் நின்றால் கதவு பூட்டியிருக்கிறது. கடை திறக்கும் நேரம் பதினொன்று என்று கண்ணாடியில் சின்னதாக எழுதியிருந்தார்கள். தூறல் வேறு. அம்மா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அப்பா மற்ற மூன்றையும் கால்களால் அணைத்தபடி நின்றார். கருங்கல் பாவிய தெரு, பெட்டிச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் மாட்டியது. ஒன்றரை மணி நேரம் அங்கேயே போனது. ரோசன்போர்க் கோட்டையைப் பார்க்க வைத்திருந்த நேரம் அதுதான்.

அன்று புரிந்தது: பெட்டி இருக்க வேண்டியது நாம் சுற்றும் இடத்துக்குப் பக்கத்தில் அல்ல, விமான நிலையத்துக்குப் போகும் வழியில். அந்த வழியில் இருப்பது சென்ட்ரல் ஸ்டேஷன். ரெவன்ட்லோஸ்கேத தெருப் பக்கம் வெளியேறும் இடத்தில் லாக்கர்கள் இருக்கின்றன. பெரிய பெட்டி போகிற அளவும் உண்டு, கார்டில் பணம் கட்டலாம்.

லாக்கரைப் பூட்டும் முன் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில், மதிய மாத்திரை, பவர் பேங்க் எல்லாம் வெளியே இருக்கிறதா? நடுவில் திறந்து எடுத்தால் மறுபடி பணம் கட்ட வேண்டிவரும். லாக்கர் எண்ணையும் திறக்கும் குறியீட்டையும் போனில் படம் பிடித்து, கூட வந்தவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

*பிற்சேர்க்கை:* இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், சனிக்கிழமை காலை பெரிய லாக்கர் ஒன்றுகூடக் காலியில்லை என்று எழுதியிருந்தார். ஒரே நாளில் மூன்று நான்கு கப்பல்கள் வந்தால் அப்படி ஆகும். அப்போது அங்கேயே காத்திருக்காதீர்கள். நேராக விமான நிலையத்துக்கு ரயில் ஏறுங்கள், கால் மணி நேரத்தில் போய்விடலாம். டெர்மினலுக்கு எதிரே கார் நிறுத்தும் கட்டடத்தில் லாக்கர்கள் உண்டு. போய்வர ஒரு மணி நேரம் செலவாகும், ஆனால் சாயங்காலம் பெட்டி இழுக்கும் வேலை இருக்காது. உண்மையில் இரவு விமானம் என்றால் முதலிலேயே இப்படிச் செய்வதும் நல்ல யோசனைதான்.

படி 4: பயணச்சீட்டும் பணமும்

'சிட்டி பாஸ் ஸ்மால்' என்ற 24 மணி நேரச் சீட்டு எடுங்கள். 1 முதல் 4 வரையிலான மண்டலங்களில் மெட்ரோ, ரயில், பேருந்து, துறைமுகப் படகு எல்லாவற்றுக்கும் செல்லும். விமான நிலையமும் அதற்குள் வந்துவிடுகிறது. 'கோபன்ஹேகன் கார்டு' என்று இன்னொன்றைப் பரிந்துரைப்பார்கள். மூன்று நாள் தங்கி நிறைய அருங்காட்சியகம் பார்ப்பவர்களுக்கு அது லாபம். ஒரே நாளில் இரண்டு இடம் பார்க்கிற நமக்கு வேண்டாம்.

டென்மார்க்கில் யூரோ இல்லை, குரோனர். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 7.46 குரோனர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் மிச்சமான யூரோவைப் போய் மாற்றாதீர்கள், எங்கும் கார்டுதான்.

படி 5: ஊர் சுற்றும் வரிசை

சென்ட்ரலிலிருந்து நகர ரயிலில் இரண்டாவது நிறுத்தம் நோரெபோர்ட். அங்கிருந்து ரோசன்போர்க் கோட்டைக்குக் கொஞ்ச தூரம்தான், பூங்கா வழியாக நடக்கலாம். பத்து மணிக்குள் வாசலில் இருங்கள்.

இந்தக் கோட்டையைக் கட்டியவர் நான்காம் கிறிஸ்டியன். இந்த மன்னர் காலத்தில்தான் டேனிஷ் கப்பல்கள் நம் தரங்கம்பாடிக்கு வந்தன. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை தரங்கம்பாடி அவர்கள் கையில் இருந்தது. நாயக்கர் இந்த மன்னருக்குத் தமிழில் எழுதி அனுப்பிய தங்க ஓலை இன்றும் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மாமனாருக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை பக்கம். சின்ன வயதில் டான்ஸ்போர்க் சுவரில் ஏறி விளையாடியவர். ரோசன்போர்க்கின் மேல்தளத்தில் அரியணைக்கு முன் நிற்கும் மூன்று வெள்ளிச் சிங்கங்களைப் பார்த்துவிட்டு, "அந்த ராஜா வீடா இது?" என்று கேட்டார். வெகுநேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடுங்கள். கோட்டையை ஒட்டியிருக்கும் படைமுகாமிலிருந்து கரடித்தோல் தொப்பி போட்ட அரச காவலர்கள் அணிவகுத்துக் கிளம்புவார்கள். அவர்கள் ஊருக்குள் நடந்து பன்னிரண்டு மணிக்கு அமாலியன்போர்க் அரண்மனையில் காவல் மாற்றுவார்கள். பின்னாலேயே நடக்க முடிந்தால் நடங்கள். பெரியவர்களை மெட்ரோவில் மார்மோர்கிர்கன் நிலையத்துக்குக் கூட்டிப்போய்விட்டால் அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது.

நடக்கும்போது ஓர் எச்சரிக்கை. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் சற்றே தாழ்வாக ஒரு பட்டை போகும். அது மிதிவண்டிப் பாதை. படம் எடுக்க ஒரு அடி பின்னால் வைத்தாலே அதில் நிற்போம். அங்கே மிதிவண்டிகள் நம்மூர் மொபெட் வேகத்தில் வரும், மணி அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பேருந்தை விட்டு இறங்கும்போதும் இடது வலது பாருங்கள். மாமியாரின் கையை நான் விடவே இல்லை.

அமாலியன்போர்க்கிலிருந்து நீஹவ்ன் கிட்டேதான். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வீடுகள், கால்வாயில் பழைய மரப் பாய்மரக் கப்பல்கள். படம் எடுங்கள், சாப்பிட வேண்டாம். அங்கே விலை அதிகம். கால்வாய்ச் சுற்றுலாப் படகில் ஏறச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரு வாரம் கப்பலில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அதற்குப் பதிலாகத் துறைமுகப் பேருந்து என்ற மஞ்சள் படகில் ஏறுங்கள். கையில் இருக்கும் சிட்டி பாஸ் போதும். எதிர்க்கரையில் ஓபரா ஹவுஸைப் பார்த்துக்கொண்டே போய் க்னிப்பல்ஸ்ப்ரோ பாலத்தில் இறங்கலாம்.

பாலத்துக்குப் பக்கத்தில் போர்சன் என்ற பழைய பங்குச்சந்தைக் கட்டடம். இதுவும் நான்காம் கிறிஸ்டியன் கட்டியதே. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலே போகிற கோபுரம் அதற்கு இருந்தது. 2023-ல் அப்பா அதன் கீழே நின்று எடுத்த படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்துக் கோபுரம் சரிந்து விழுந்தது. இந்த முறை போனபோது சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. மனசு கனத்துப்போனது. பாலத்தைக் கடந்தால் கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன். ஸ்ட்ராண்ட்கேத தெருவின் கரையோரம் ஆசியாடிஸ்க் பிளாட்ஸ் என்று ஓர் இடம், டேனிஷ் ஆசியக் கம்பெனியின் பெயரால் வந்தது. அந்தக் கம்பெனியின் பழைய கிடங்கு இன்னும் நிற்கிறது.

கிறிஸ்டியன்ஸ்ஹவ்னில் வெளிப்புறமாகப் படி சுற்றிப் போகும் தேவாலயக் கோபுரம் ஒன்று உண்டு. 400 படிகள். இளைஞர்கள் ஏறட்டும். பெரியவர்களுக்கு நான் சொல்வது ருண்டெடோர்ன் என்ற வட்டக் கோபுரம். மெட்ரோவில் நோரெபோர்ட் திரும்பினால் கிட்டத்தில் இருக்கிறது. 1642-ல் முடித்த அந்தக் கோபுரத்தில் படிக்குப் பதில் 209 மீட்டர் நீளத்துக்குச் சுற்றிச் சுற்றி மேலேறும் செங்கல் சரிவுப்பாதை. நின்று நின்று ஏறலாம், வழியில் ஜன்னல் மாடங்களில் உட்காரலாம். கடைசியில் மட்டும் குறுகலான கொஞ்சம் படிகள். அறுபத்தெட்டு வயது மாமியார் மூச்சு வாங்காமல் ஏறிவிட்டார்.

பசிக்கு நோரெபோர்ட் பக்கத்திலேயே டோர்வெஹாலர்ன என்ற கண்ணாடிக் கூரைச் சந்தை. சைவம் சாப்பிடுகிறவர்கள் 'கார்டோஃபல்மாட்' கேளுங்கள். ரை (rye) என்ற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டித் துண்டின் மேல் வேகவைத்த உருளைக்கிழங்கை அடுக்கி, மயோனைஸும் வறுத்த வெங்காயமும் போட்டுத் தருவார்கள். முட்டையும் சேராதவர்கள் மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஏலக்காய் பன். பிய்த்தவுடன் ஆவியோடு ஏலக்காய் வாசனை எழும், அப்படியே பாயசம் இறக்கிய வீட்டு வாசனை.

படி 6: விமான நிலையத்துக்கு

ஜூனில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். வெளிச்சத்தை நம்பி நேரம் கணித்தால் விமானத்தை விட்டுவிடுவீர்கள். போனில் ஐந்து மணிக்கு அலாரம் வையுங்கள், அடித்ததும் சென்ட்ரலுக்குக் கிளம்புங்கள்.

சென்ட்ரலிலிருந்து விமான நிலையம் போகும் ரயில்கள் பல அங்கேயே முடிவதில்லை, நின்றுவிட்டுப் பாலம் கடந்து சுவீடனுக்கே போகும். விமான நிலையத்தில் இறங்காமல் கண் அசந்தால் அடுத்த நிறுத்தம் மால்மோவின் ஹில்லி, வேறு நாடு. பெட்டிகளைக் கதவுப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். லாக்கரை விமான நிலையத்தில் எடுத்தவர்கள் நோரெபோர்ட்டில் எம்2 மெட்ரோ ஏறுங்கள். அதற்கு விமான நிலையம்தான் கடைசி நிறுத்தம், தவறவிட வழியே இல்லை.

*இன்னொரு பிற்சேர்க்கை:* விசா பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் எத்தனை நாள் தங்கலாம் என்று எண் போட்டிருக்கும். உள்ளே நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் சேர்த்துத்தான் கணக்கு. விமானம் நள்ளிரவு தாண்டி 12.20-க்கு என்றால், குடியேற்றச் சோதனையும் நள்ளிரவுக்குப் பின் முடிந்தால் அது அடுத்த நாள் கணக்கு. ஃபிராங்க்ஃபர்ட் போன்ற இன்னொரு ஷெங்கன் ஊரில் விமானம் மாறினால், குடியேற்றச் சோதனை கோபன்ஹேகனில் நடக்காது, அந்த ஊரில்தான் நடக்கும். அங்கே சோதனை முடியும் தேதிதான் வெளியேறும் தேதி. விண்ணப்பிக்கும்போதே இந்தக் கடைசி நாளையும் சேர்த்து நாள்களைக் கேளுங்கள்.