செயலி ப்ராஜெக்ட்: சர்வே எங்கே சொதப்புகிறது?

பேமெண்ட், டிக்கெட், சாப்பாடு, ஷாப்பிங் என எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் செயலிக்குக் கல்லூரி மாணவர்கள் ஏன் மாறுகிறார்கள்? எம்.பி.ஏ. ப்ராஜெக்டுக்குச் சட்டென்று ஓகே ஆகிவிடும் தலைப்பு. சொதப்புவதும் அதே வேகத்தில் நடக்கும்.

கேள்வித்தாளிலேயே ஆரம்பிக்கிறது. ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதற்கு 1989-இல் ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் முன்வைத்த காரணங்கள் பயன், எளிமை. 2012-இல் ஆய்வாளர் வெங்கடேஷின் குழு சேர்த்தவை பழக்கம், கொடுக்கும் காசுக்கான மதிப்பு, பயன்படுத்துவதில் கிடைக்கும் மகிழ்ச்சி. இவை எல்லா ப்ராஜெக்டிலும் வரும், வரட்டும். ஆனால் "இந்தச் செயலி பயனுள்ளது, எளிதானது" என்று இரண்டையும் ஒரே வரியில் கேட்டால், 'பயன் உண்டு, ஆனால் ஒரே குழப்பம்' என்பவர் எதை டிக் செய்வார்?

பெரிய தவறு, எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் சீனாவின் வீசாட் செயலி பற்றிய ஆய்வுக் கேள்விகளை அப்படியே சென்னையில் இறக்குவது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம். மாணவிகள் அதில் பஸ் டிக்கெட் குறைவாக எடுப்பதாக உங்கள் சர்வேயில் வந்தால், "பெண்களுக்குத் தொழில்நுட்பத் தயக்கம்" என்று எழுதிவிடாதீர்கள். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் காசே கிடையாது. கண்டக்டர் கிழித்துத் தரும் கட்டணமில்லா டிக்கெட்டோடு தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வருகிறவர் போனை ஏன் எடுக்க வேண்டும்? அவரே மெட்ரோ ஏறும் நாளில் க்யூஆர் டிக்கெட் எடுக்கக்கூடும். எந்தப் பஸ், பாஸ் உண்டா, மெட்ரோவா என்று முதலில் பிரித்துக் கேளுங்கள்.

ஃபீஸுக்கும் அட்டெண்டன்ஸுக்கும் கல்லூரியே கட்டாயமாக்கிய செயலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே மாணவருக்கு வேறு வழியில்லை.

சொந்த வகுப்பு வாட்ஸப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் போட்டுவிட்டு "சென்னை மாணவர்கள்" என்று தலைப்பு வைப்பதும் வழக்கமாகிவிட்டது. அரசுக் கல்லூரி, ஈவினிங் ஷிப்ட் என்று நாலு இடம் போய்ப் பதில் வாங்குங்கள், அலைச்சல்தான்.

"இனிமேல் பயன்படுத்துவேன்" என்ற வரிக்கு மரியாதைக்காகவே பலர் ஐந்துக்கு 4 போடுவார்கள். அதை வைத்து முடிவு எழுதினால் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் விடமாட்டார். கடந்த வாரம் அந்தச் செயலியில் எதெதைத் தொட்டார்கள் என்று கேளுங்கள். பத்து வசதி இருந்தும் பேமெண்ட் மட்டும் போட்டவர் நிறைய இருப்பார். ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற வசதி, எந்தச் செயலி எவ்வளவு நேரம் ஓடியது என்று நாள்வாரியாகக் காட்டும். அவர்கள் சம்மதித்தால் அந்த எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.