எண்டோதீலியல் செல்களின் நைட்ரிக் ஆக்சைடை அளப்பது எப்படி?

இரத்தக் குழாய்களுக்கும் நிணநீர்க் குழாய்களுக்கும் உள்ளுறையாக அமைந்த எண்டோதீலியல் செல்கள் எவ்வளவு நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகின்றன என்பதைச் செல் வளர்ப்புக் கூடத்தில் முதன்முறையாக அளக்கப்போகும் மாணவர்களுக்கான குறிப்பு இது. அந்த வாயு சில நொடிகளிலேயே வினைபுரிந்து மறைந்துவிடுவதால், அது விட்டுச்செல்லும் நைட்ரைட்டையே நாம் அளக்கிறோம். யோஹான் பீட்டர் கிரீஸ் 1879இல் விவரித்த சாய வினையின் இன்றைய வடிவம்தான் இதற்கு எளிய வழி.

தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த செல்களை இரண்டாம் பாசேஜுக்கும் (செல்களைப் பிரித்துப் புதிய தட்டுக்கு மாற்றும் சுற்று) ஐந்தாம் பாசேஜுக்கும் இடையில் பயன்படுத்துங்கள். அதற்குமேல் போனால் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் இ-நாஸ் நொதி குறைந்துகொண்டே போகும். நிணநீர்க் குழாய்ச் செல்களாயின், இரத்தக் குழாய்ச் செல்கள் கலக்கவில்லை என்பதை நிணநீர்க் குழாய்ச் செல்களின் அடையாளப் புரதமான, உட்கருவில் தெரியும் ப்ராக்ஸ்-1இன் சாயமேற்றத்தால் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறு குழித் தட்டில் செல்கள் முழுப் பரப்பையும் மூடியபின் வளர்ப்பு ஊடகத்தை அகற்றிவிட வேண்டும், ஏனெனில் அதிலுள்ள ஃபீனால் சிவப்பு அளவீட்டில் குறுக்கிடும், ஹெப்பரின் அமிலத்தில் வீழ்படிவாகிக் கரைசலைக் கலங்கச் செய்யும். பதிலாக, ஃபீனால் சிவப்பு இல்லாத ஹாங்க்ஸ் உப்புக் கரைசலில், இ-நாஸ் நைட்ரிக் ஆக்சைடாக்கும் மூலப்பொருளான எல்-ஆர்ஜினின் 100 மைக்ரோமோலார் சேர்த்து, குழிக்கு 700 மைக்ரோலிட்டர் மட்டும் ஊற்றுங்கள். கரைசலில் கால்சியம் இருந்தாக வேண்டும். கால்சியம் ஏறிய கால்மோடுலின் என்னும் புரதம் வந்து ஒட்டினால்தான் இ-நாஸ் முழுவீச்சில் இயங்கும்.

சில குழிகளைத் தூண்டாமல் விடுங்கள். சிலவற்றில், செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றி நொதியைத் தூண்டும் அயனோமைசினை 1 மைக்ரோமோலார் இடுங்கள். இன்னும் சிலவற்றில் 30 நிமிடம் முன்னதாகவே 1 மில்லிமோலார் எல்-நேம் இட்டு நொதியைத் தடுத்துவிட்டு, பிறகு அயனோமைசின் சேருங்கள். செல்லே இல்லாத குழிகளிலும் இதே மருந்துகளை இடுவதை மறக்க வேண்டாம். எல்-நேம் தடுத்த பங்கே செல்கள் உண்டாக்கியது என்பதால், அயனோமைசின் குழியின் அளவிலிருந்து எல்-நேம் குழியின் அளவைக் கழிக்காத எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

ஒரு மணி நேரம் கழித்துக் கரைசலைச் சேகரித்து, 100 மைக்ரோலிட்டருடன், 5 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்த 1 விழுக்காடு சல்ஃபனிலமைடு 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, பத்து நிமிடம் இருட்டில் வையுங்கள். பின்னரே 0.1 விழுக்காடு நாஃப்தைல் எத்திலீன்டையமின் 50 மைக்ரோலிட்டர் இட்டு, மேலும் பத்து நிமிடம் கழித்து 540 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான, செறிவு தெரிந்த சோடியம் நைட்ரைட் தரக் கரைசல்களைத் தண்ணீரில் அல்லாமல் அதே ஹாங்க்ஸ் கரைசலில் தயாரிக்க வேண்டும்.

சாயம் சேர்த்த தட்டை வெள்ளைத் தாள்மீது வைத்துப் பாருங்கள். 10 மைக்ரோமோலார் தரக் கரைசல் குழியில் இளஞ்சிவப்பு தெரியும். 1 மைக்ரோமோலார் குழி கண்ணுக்குத் தண்ணீர்போலவே இருக்கும். சிக்கல் இங்குதான்: ஒரு மணி நேரத்தில் எண்டோதீலியல் செல்கள் விடும் நைட்ரைட் பெரும்பாலும் அந்த 1 மைக்ரோமோலாரை எட்டாது. நைட்ரிக் ஆக்சைடை அதிகம் விடும் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்களுக்குத் தாராளமாகப் போதும் இந்த முறை, எண்டோதீலியல் செல்களுக்கு விளிம்பில்தான் நிற்கிறது. உங்கள் எண்கள் தரக்கோட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால், ஏறக்குறைய 10 நானோமோலாரிலிருந்தே காட்டிக்கொடுக்கும் டையமினோநாஃப்தலீன் ஒளிர்வு முறைக்கு மாறுங்கள். 100 மைக்ரோலிட்டர் மாதிரியுடன், 0.62 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மில்லிலிட்டருக்கு 0.05 மில்லிகிராம் கரைத்த சாயம் 10 மைக்ரோலிட்டர் சேர்த்துப் பத்து நிமிடம் இருட்டில் வைத்து, 2.8 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 5 மைக்ரோலிட்டரால் வினையை நிறுத்தி, 365 நானோமீட்டரில் தூண்டி 450இல் படிக்க வேண்டும்.

இந்த அளவில் இறங்கிவிட்டால் பாத்திரமும் தண்ணீரும்கூட நைட்ரைட் தரும். ஒருமுறை என் செல்லில்லாக் குழிகளே செல்லுள்ள குழிகளைவிட அதிகம் காட்டின. பல நாள் திறந்து கிடந்த தண்ணீர்ப் புட்டிதான் காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அன்றன்று வடித்த தண்ணீரையே எடுங்கள். கரைசலைச் சேகரித்தபின் செல்கள் வளர்ந்த தட்டை வீசிவிடாமல், அதே குழியின் செல்களைக் கரைத்துப் புரதத்தை அளந்து, நைட்ரைட்டை ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை நானோமோல் என்று எழுதுங்கள்.