கொய்யா மரத்தில் கிழிந்த பட்டை

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் புறவாசல் கொய்யா, மச்சு உயரத்துக்குப் போய் உச்சியில் மட்டும் காய்த்தது. பழமெல்லாம் அணிலுக்குத்தான். ஐப்பசி மழைக்கு நடுவே தடித்த கிளை ஒன்றை மேலிருந்து அரிவாளால் வெட்டினேன். பாதி வெட்டும்போதே கிளை தன் பாரத்தில் முறிந்து, அடிமரப் பட்டையை ஒரு சாண் நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. ஈரமாக, வெளிறித் தெரிந்த கட்டையைப் பார்த்ததும் மனசு பதறிவிட்டது.

பக்கத்துத் தோப்பு அண்ணாச்சிதான் வழி சொன்னார். தொங்கிய பட்டையைக் கூரான கத்தியால் சீவி எடுத்தேன். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, மழை விட்ட நாளில் காயத்தில் பூசினேன். இரும்பு வாளி கூடாது, துத்தம் அரித்துவிடும்.

மாசியில் மறுபடி கவாத்து, அதாவது கிளை கழிப்பு. இந்த முறை ரம்பம். கிளையைக் கீழ்ப்புறமிருந்து முதலில் கால்வாசி அறுத்து, அப்புறம் நுனிப்பக்கமாகச் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தேன். பட்டை உரியவே இல்லை. மிஞ்சிய கட்டையை, கிளை பிறக்கும் மேட்டைத் தொடாமல் கடைசியாக எடுத்தேன்.

கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும். இப்போது கைக்கு எட்டும் உயரத்திலேயே பிஞ்சு பிடித்திருக்கிறது. பழைய காயத்தின் ஓரத்தில் புதுப் பட்டை உருண்டு மூடி வருகிறது. தினமும் தடவிப் பார்க்கிறேன்.