பச்சிளங்குழந்தையின் குடலில் ஓட்டை: கண்டறிதலும் அறுவை சிகிச்சையும்

பிறந்து சில நாளே ஆன குழந்தையின் வயிறு திடீரென உப்பி, மேல்தோல் பளபளத்து, மூச்சுத் திணறலும் சேர்ந்துகொண்டால், இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை விழுந்திருக்குமோ என்று உடனே ஐயப்பட வேண்டும். ஓட்டை இருப்பதைப் பெரும்பாலும் எக்ஸ்ரே காட்டிவிடும். அது ஏன் விழுந்தது என்பதற்கான துப்பு குழந்தையின் கேஸ் ஷீட்டில் இருக்கும். அறுவையின் போக்கைத் தீர்மானிப்பது அந்தத் துப்புதான்.

எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, இன்று எத்தனையாவது நாள், பால் தொடங்கியாயிற்றா, காட்டுமலம் (பிறந்ததும் கழிக்கும் முதல் கரும்பச்சை மலம்) கழிந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். 1000 கிராமுக்கும் குறைந்த குழந்தைக்கு, பால் சரியாகத் தொடங்கும் முன்பே வயிறு நீலம் பாரித்தால், சிறுகுடலின் கடைப்பகுதியில் தானாக விழும் ஒற்றை ஓட்டையை நினைக்கலாம். இண்டோமெதசின் என்ற மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்து பெற்றிருந்தால் ஐயம் வலுக்கும். பால் குடித்துவந்த குறைமாதக் குழந்தை இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இரத்தம் கலந்த மலம் கழித்தால், அது என்.இ.சி. எனும் குடல் அழுகலாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறைமாதக் குழந்தை 48 மணி நேரமாகியும் மலம் கழிக்கவில்லையெனில் கீழ்க்குடல் அடைப்பைத் தேட வேண்டும்.

மல்லாந்த நிலையில் எடுத்த படம் மட்டும் போதாது. இடப்பக்கம் கீழாக இருக்கும்படி குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, காற்று மேலேறச் சில நிமிடம் காத்திருந்து, கதிர் பக்கவாட்டில் பாயுமாறு எடுத்தால், கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே கறுத்த பிறைபோலக் காற்று தெரியும். இரைப்பைக் குமிழ் (படத்தில் இரைப்பைக்குள் வழக்கமாகத் தெரியும் காற்று) காணாமல் ஏராளமான காற்று நிறைந்திருந்தால் இரைப்பையே கிழிந்திருக்கலாம். காற்று தெரியாததால் ஓட்டை இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கலங்கிய திரவத்தை அல்ட்ராசவுண்ட் காட்டக்கூடும். வென்டிலேட்டரில் உள்ள குழந்தைக்கு மார்பிலிருந்தும் காற்று வயிற்றுக்கு இறங்கலாம் என்பதால், மார்புப் படத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தியேட்டருக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் குழந்தையைத் தேற்றுவதை விட்டுவிடக் கூடாது. பால் நிறுத்தி, வாய்வழி இரைப்பைக்குள் ட்யூப் போட்டு, கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. சலைன் கொடுத்து, ஆன்டிபயாடிக் தொடங்கி, வெப்பம் காத்து, பிளேட்லெட் குறைவையும் இரத்தம் உறையும் தன்மையையும் சரிசெய்ய வேண்டும். மாஸ்க் வைத்து அழுத்தினால் வயிறு மேலும் உப்பும் என்பதால், செயற்கை மூச்சு தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டுவிடுவதே நல்லது. காற்றழுத்தத்தால் மூச்சே நின்றுவிடும் நிலையில், கல்லீரலைத் தவிர்த்து அடிவயிற்றின் பக்கவாட்டில் கேனுலா எனும் மெல்லிய குழாயைச் செருகிக் காற்றை வெளியேற்றலாம்.

மிகச் சிறிய குழந்தைக்கு முதலில் வயிற்றில் சிறு துளையிட்டு வைக்கும் வடிகுழாய் போதுமா, வயிற்றைத் திறப்பதா என்பது நெடுநாள் விவாதம். 1000 கிராமுக்கு மிகாத 310 குழந்தைகளைக் கொண்டு 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மொத்தத்தில் வேறுபாடு தெளிவாகவில்லை; எனினும் என்.இ.சி. என்று முன்கூட்டியே கருதப்பட்டவர்களுக்குத் திறப்பதே மேலாகத் தோன்றியது. தானாக விழுந்த ஒற்றை ஓட்டைக்கு வடிகுழாயை ஏற்கலாம் என்பதே என் கருத்து.

திறக்கும்போது தொப்புளுக்குச் சற்று மேலே வலப்பக்கம் குறுக்காகக் கீற வேண்டும். குறைமாதக் குழந்தையின் கல்லீரல் மிருதுவானது. காயத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர் லேசாக அழுத்தினாலே கசியத் தொடங்கும் இரத்தத்தை நிறுத்துவது மிகக் கடினம். குடலை முழுதும் பார்த்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். அழுகியதை மட்டும் நீக்கி, ஐயத்துக்குரியதை விட்டுவைத்து, 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி திறந்து பார்ப்பது, குடலின் நீளத்தைக் காக்கும் வழி. குடல் சீழ்ப்பிடித்துக் கிடந்தால் ஸ்டோமா (குடலை வயிற்றுச் சுவர் வழியே வெளியே திறந்துவைக்கும் வாய்) வைப்பது பாதுகாப்பானது. ஓட்டை சிறிதாகவும் சுற்றுப்புறம் நலமாகவும் இருந்தால் நேரடியாகத் தைக்கலாம். இரைப்பையில் முன்சுவரைத் தைத்ததோடு நிறுத்தாமல் இரைப்பைக்குப் பின்னுள்ள இடைவெளியைத் திறந்து பின்சுவரையும் பார்க்க வேண்டும். நிறைமாதக் குழந்தைக்குக் காரணம் புலப்படாதபோது, ஹிர்ஷ்பிரங் நோயை (கீழ்க்குடலில் நரம்பணுக்கள் இல்லாத பிறவிக் குறையை) கண்டறிய, குடலின் திசுவைப் பயாப்ஸிக்கு அனுப்ப மறக்கக் கூடாது.

ஸ்டோமாவைப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மூடுவார்கள். அதற்கு முன் கீழ்க்குடலில் எக்ஸ்ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் திரவத்தைச் செலுத்தி, என்.இ.சி. ஆறியபின் ஏற்படும் குறுகலைத் தேட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் எடை ஏறாத குழந்தைக்குப் பாலை மாற்றும் முன், சிறுநீரில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டோமா வழியே வெளியேறும் உப்பை ஈடுசெய்ததும் பல குழந்தைகளுக்கு அதே பாலிலேயே எடை கூடத் தொடங்கும்.