பிள்ளைக்குச் சுகமில்லாதபோது தாதியைத் தொலைபேசியில் அழைப்பது எப்படி

தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுமுன், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வயது, நிறை, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் ஆகியவற்றைத் தாதியோ குடும்பநல உத்தியோகத்தரோ கட்டாயம் கேட்பார்.

இருமல் இருந்தால், பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதன்பின் 5 வயது வரை 40 என்ற அளவை எட்டினால் அது வேகமான மூச்சு என்பதால், அந்த எண்ணிக்கையையே முதலில் சொல்லுங்கள். “சும்மா தடிமன்தான்” என்று தயவுசெய்து குறைத்துச் சொல்லாதீர்கள்.

வலிப்பு, உதடு நீலம் பாரித்தல், பால் குடிக்க இயலாமை, எழுப்பியும் விழிக்காமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆலோசனைக்குக் காத்திராமல், 1990 என்ற இலக்கத்தில் இலங்கையின் இலவச சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் (தோட்டப் பிரிவையும்) சொல்லி, டோர்ச்சுடன் ஒருவரைப் பிரதான வீதிக்கு அனுப்புங்கள். 2 மாதத்திற்குக் குறைந்த சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.