ஹாகி தேநீர்க் கிண்ணம்: பழக்குவதும் பராமரிப்பதும்

ஜப்பானின் யமகுச்சி மாகாணத்து ஹாகியில் கிண்ணம் வனையும் மரபை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோரி பிரபுக்களின் ஆதரவில், கொரியக் குயவர்கள் தொடங்கினார்கள். மண் முழுதாக இறுகாத பதத்தில் சுடப்படுவதால் நீர் உறிஞ்சும். கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு ஆறும்போது மண்ணைவிட அதிகம் சுருங்குவதால் மயிரிழை விரிசல்கள் விழும். தேநீர் அவற்றின் வழியே இறங்கி, ஆண்டுகள் போகப்போக நிறத்தை மாற்றும். பூஞ்சை பிடிப்பதும் இதே வழியாகத்தான்.

விரிசலைப் பார்த்துப் பழுது என்று பயப்பட வேண்டாம். தட்டிப் பார்த்தும் பயனில்லை. நல்ல ஹாகியும் மந்தமாகத்தான் ஒலிக்கும். உள்ளும் புறமும் ஒரே இடத்தில் ஓடி, நகத்தில் தட்டுப்படும் கோடுதான் உண்மையான உடைப்பு.

புதுக் கிண்ணத்தை ஓர் இரவு சுத்தமான நீரில் மூழ்க வையுங்கள். மண்ணிலுள்ள காற்று குமிழ்களாக வெளியேறும். நன்றாக உலர்ந்தபின் நீர் நிரப்பி, காகிதத்தின் மேல் சில மணி நேரம் வையுங்கள். காகிதத்தில் லேசாக ஈரம் பட்டால் கவலையில்லை, புழங்கப் புழங்க அடைபடும். சொட்டும் அளவு கசிந்தால் மட்டும், கிண்ணத்தை நீர்த்த கஞ்சி நிறைந்த பாத்திரத்துக்குள் வைத்துச் சிறுதீயில் சூடாக்கி, அதிலேயே ஆறவிட்டுக் கழுவலாம். கஞ்சி மிச்சம் தங்கினால் அதுவே பூஞ்சைக்குத் தீனி.

ஒவ்வொரு முறையும் மாட்சா என்னும் பச்சைத் தேயிலைப் பொடியைக் கலக்கும் முன் கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறட்டும். ஏற்கெனவே நீர் குடித்த மண் தேநீரை மெதுவாகத்தான் இழுக்கும். கறை திட்டுத்திட்டாக விழாது. 2 கிராம் சலித்த மாட்சா, சுமார் 80 டிகிரி சூட்டில் 70 மில்லி நீர் போதும். சாசென் என்னும் மூங்கில் மத்தை அடியில் அழுத்தாதீர்கள். உலோகக் கரண்டி கிளேஸில் சாம்பல் நிறக் கீற்று விடும்.

குடித்ததும் வெந்நீரில் விரலால் கழுவுங்கள். சோப்பு கூடாது, அதன் வாசனை மண்ணில் தங்கி அடுத்த தேநீரில் வரும். மைக்ரோவேவும் கூடாது, மண்ணுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் கிண்ணத்தைப் பிளக்கலாம்.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது உலர்த்துவதில். கிளேஸ் இல்லாத அடிப்பாதம் கடைசியில்தான் காயும். துடைத்து, இரு பக்கமும் காற்றுப் படும்படி மூங்கில் தட்டியில் நிழலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். கையால் தொட்டு ஈரத்தை நம்ப முடியாது. வாங்கியதும் சமையலறைத் தராசில் உலர்ந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எடைக்குத் திரும்பிய பிறகே பெட்டியில் வையுங்கள்.

பூஞ்சை வந்துவிட்டால் பாத்திரத்தில் துணி விரித்து, குளிர்ந்த நீரில் கிண்ணத்தை வைத்து, மெல்லச் சூடேற்றி 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அதே நீரில் ஆறவிடுங்கள். கொதிநீரில் திடீரென்று போட்டால் வெடிக்கும். தங்கப்பொடியும் அரக்கும் கொண்டு ஒட்டிய கிண்ணத்தைக் கொதிக்க வைக்கவோ நெடுநேரம் ஊறவைக்கவோ கூடாது, ஒட்டு விட்டுவிடும்.